கரையில் ஒதுங்குவது எது, காயலான் கடைக்குப் போவது எது?

கெடிலக்கரை வாத்தியார் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கடலூரில் அரசுப் பள்ளியொன்றில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் தெருப் பிள்ளைகள் பதினைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, தேவனாம்பட்டினத்திலிருந்து தாழங்குடா வரை கடற்கரையில் குப்பை பொறுக்கினோம். தென்பெண்ணை ஆறு கடலில் சேரும் இடம் அது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை திறக்கப்பட்டு ஆறு கரைபுரண்டு வந்ததே, அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து மணலை எங்கே கிளறினாலும் பாலித்தீன் கிழிசல்தான் வருகிறது. மேலே கிடந்ததை மட்டும் பொறுக்கியதற்கே ஏழு சாக்கு நிறைந்துவிட்டது.

அந்த ஏழு சாக்கையும் ஒரு தட்டு ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு காயலான் கடைக்குப் போனோம். கிடைக்கும் காசில் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் பந்து வாங்கித் தருவதாக நான் வாய்விட்டிருந்தேன். கடைக்காரர் சாக்குகளைத் தரையில் கொட்டி, கையாலேயே அளைந்து பார்த்துவிட்டு, ஒன்றேகால் சாக்கு அளவுக்குத்தான் எடுத்துக்கொண்டார். கொஞ்சம் தண்ணீர் பாட்டில், உடைந்த குடம், ஒரு நாற்காலிக் கால், பாட்டில் மூடிகள், அவ்வளவுதான். மற்றதை அவர் தொடக்கூட இல்லை. அதில் என்ன இருந்தது என்று வீட்டு மொட்டைமாடியில் பரப்பிப் பார்த்தேன். ஷாம்பு உறை, பாக்கு உறை, சிப்ஸ் பொட்டலம், தெர்மாகோல் துண்டு, உறிஞ்சுகுழல், அறுந்த வலை, ரப்பர் செருப்பின் அடிப்பாகம். செருப்புகளில் ஒரு ஜோடி கூடச் சேரவில்லை என்பது பிள்ளைகளுக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது.

எனக்கு இரண்டு ஐயங்கள். என் அம்மா காலத்தில் எங்கள் வீட்டில் எதுவும் குப்பைக்குப் போனதாக எனக்கு நினைவில்லை. ஈயப் பாத்திரம் ஓட்டையானால் பேரீச்சம்பழக்காரருக்கு, செய்தித்தாள் மளிகைக் கடைக்கு, மருந்து பாட்டில் கழுவி மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பதற்கு, பழைய புடவை பாத்திரக்காரம்மாவுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு போக்கிடம் இருந்தது. இன்று என் வீட்டில் மாநகராட்சி கொடுத்த பச்சை வாளியும் நீல வாளியும் இருக்கின்றன. நீல வாளியில் என் மனைவி துணி ஊறவைக்கிறார். குப்பை எல்லாம் ஒரே பையில் கட்டப்பட்டு வெளியே போகிறது. இந்தப் பழக்கம் போனதுதான் கடல் இப்படி ஆனதற்குக் காரணமா, அல்லது இரண்டுக்கும் நான் வலிந்து முடிச்சுப் போடுகிறேனா? மாடியில் கிடக்கும் மீதி ஐந்தே முக்கால் சாக்கை என்ன செய்வது என்பது இரண்டாவது. மனைவி கெடு வைத்திருக்கிறார்.

எடைக்கல்:

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். விழுப்புரம் பக்கம் இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பழைய இரும்பு, பேப்பர், பிளாஸ்டிக் வாங்கி விற்கிறேன். கடலூர்க் கடைக்காரர் ஒன்றேகால் சாக்கு எடுத்ததே பெரிது என்பேன், கடலில் ஊறி வெயிலில் காய்ந்த பொருள் அரைக்கும்போது பொடிந்துவிடும்.

உங்கள் அம்மா செய்தது குப்பை பிரிப்பது அல்ல, வியாபாரம். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேரீச்சம்பழம் கிடைத்ததால் ஈயம் பத்திரமாக இருந்தது. பழைய பொருளுக்குக் கொடுக்க என் கையில் காசும், அதை மேலே வாங்கிக்கொள்ள ஒரு ஆலையும் இருந்தால், எந்த வீட்டிலும் யாரும் சொல்லாமலேயே பொருள் தனியாக எடுத்து வைக்கப்படும். இன்றும் பித்தளைக் குழாயை யாராவது தெருவில் எறிகிறார்களா, பாருங்கள்.

பிளாஸ்டிக் என்று நீங்கள் ஒரே பெயரில் சொல்வது எங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு சரக்கு. தண்ணீர் பாட்டில் ஒரு விலை, அதிலேயே வெள்ளை வேறு, பச்சை வேறு. பால் கவர் கழுவிக் காய்ந்திருந்தால் நல்ல சரக்கு, மோர் வாடை அடித்தால் பாதி விலை. குடம், வாளி, பக்கெட் மூடி ஒரு கணக்கு. மின்குழாய் தனி. ஷாம்பு உறைக்கு வருவோம். அது பார்க்க ஒரு தாள் போல இருக்கிறதே தவிர, உள்ளே பாலித்தீன், நடுவில் அலுமினியப் பூச்சு, வெளியே அச்சடித்த பாலியெஸ்டர் என்று மூன்றையும் பசை போட்டு ஒட்டிய சரக்கு. அதைப் பிரித்தெடுக்க எந்த ஆலையும் எங்களிடம் கேட்டதில்லை. பிரித்தாலும் ஒரு கிலோ சேர்க்க எத்தனை உறை குனிந்து பொறுக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். என் கடைக்குச் சரக்குக் கொண்டுவரும் அம்மாக்கள் இடுப்பு வலியோடு நடப்பவர்கள். ஒரு பாட்டிலுக்குக் குனிவார்கள், ஒரு உறைக்குக் குனிய மாட்டார்கள்.

நீங்கள் கடலூர்க்காரர் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஷாம்புவைச் சிறு உறையில் அடைத்து விற்கும் வழி உங்கள் ஊரிலிருந்துதான் நாடெங்கும் பரவியது. சின்னி கிருஷ்ணன் தொடங்கி வைத்தார், அவருடைய மகன்கள் அதைப் பெரிய தொழிலாக்கினார்கள். 1983இல் வந்த சிக் ஷாம்புவுக்கு ஒரு காலத்தில் ஒரு சலுகை இருந்தது: காலி உறைகள் சிலவற்றைக் கடையில் கொடுத்தால் ஒரு புது உறை இலவசம். அது விற்பனையைப் பெருக்கச் செய்த ஏற்பாடு, கடலைக் காப்பதற்காக அல்ல. ஆனாலும் அந்த நாட்களில் பையன்கள் குளத்தங்கரையில் காலி உறை தேடி அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன், நானும் அலைந்திருக்கிறேன்.

எங்கள் தொழில் ஏன் தேய்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கச்சா எண்ணெய் விலை இறங்கினால் புதுப் பிளாஸ்டிக் மணியின், அதாவது பொருள் வார்ப்பதற்காக ஆலைகள் உருக்கும் சிறு உருண்டையின், விலையும் இறங்கும். அப்போது பழையதை உருக்கி எடுத்த மணியை யார் வாங்குவார்? 2021 அக்டோபரில் பிளாஸ்டிக் கழிவுக்கான ஜி.எஸ்.டி. 5 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்ந்தது. தலையில் சுமந்து வரும் அம்மா வரி கட்டப் போவதில்லை, ஆனால் மேலே வாங்கும் ஆலை தன் கணக்கைச் சரிக்கட்ட எங்கே விலையைக் குறைக்கும் என்று நினைக்கிறீர்கள்? என் மகன் இந்தக் கடைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

நீரோட்டம்:

கடல் உயிரியல் படித்து ஆய்வகமொன்றில் பணிபுரிகிறேன். வாத்தியார் ஐயாவின் முதல் ஐயத்தில் ஒரு சிறு திருத்தம் சொல்ல விரும்புகிறேன். கரையில் கிடப்பதை வைத்துக் கடலில் என்ன இருக்கிறது என்று முடிவு செய்தால், நமக்குப் பாதிதான் தெரியும்.

நல்ல தண்ணீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால், கடல்நீரின் அடர்த்தி ஏறக்குறைய 1.025. பால் கவருக்கும் பாட்டில் மூடிக்கும் பயன்படும் பாலித்தீன், பாலிபுரொப்பிலீன் ஆகியவை அதைவிடக் குறைந்த அடர்த்தி கொண்டவை என்பதால் மிதக்கும், காற்றும் அலையும் அவற்றைத் திரும்பக் கரையில் தள்ளும். தண்ணீர் பாட்டில் செய்யப்படும் பெட் (PET) என்ற பிளாஸ்டிக் அப்படியல்ல. அதன் அடர்த்தி 1.38. மூடி இறுக்கமாக இருக்கும் வரைதான் பாட்டில் மிதக்கும். மூடி கழன்று உள்ளே நீர் புகுந்தால் நேராக அடிக்குப் போய்விடும், மூடி மட்டும் தனியே கரைக்கு வரும். நீங்கள் பொறுக்கியதில் பாட்டிலைவிட மூடி கூடுதலாக இருந்ததா என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். வலை பின்னும் நைலானும் மூழ்கக்கூடியதுதான். மிதப்பவையும் என்றைக்கும் மிதந்துகொண்டே இருப்பதில்லை, பாசியும் சிப்பியும் ஒட்டிக் கனம் கூடியதும் மெல்லக் கீழே இறங்கிவிடும்.

பழக்கம் குறைந்தது என்ற பேச்சிலும் எனக்கு ஓரளவு தயக்கம் உண்டு. 2017இல் வெளியான உலக அளவிலான கணக்கெடுப்பு ஒன்றின்படி, 1950 முதல் 2015 வரை உலகில் உருவாக்கப்பட்ட பிளாஸ்டிக் ஏறத்தாழ 830 கோடி டன். குப்பையாகிப்போனதில் மறுசுழற்சிக்குப் போனது 9 விழுக்காடு, எரிக்கப்பட்டது 12 விழுக்காடு, மீதி நிலத்திலும் நீரிலும் இருக்கிறது. இந்த 9 என்பது ஒரு பொற்காலத்திலிருந்து சரிந்து வந்த எண் அல்ல, பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை அந்தப் பொற்காலமே இருந்ததில்லை. உங்கள் அம்மாவின் வீட்டில் இருந்தவை ஈயமும் கண்ணாடியும் காகிதமும் துணியும். அவற்றுக்குப் போக்கிடம் இருந்தது. அந்த இடத்துக்குப் பிளாஸ்டிக் வந்தபோது அதற்கென்று போக்கிடம் எதுவும் கூடவே வரவில்லை. பணக்கார நாடுகள் கூடத் தங்கள் பிளாஸ்டிக் குப்பையில் பெரும்பங்கைக் கப்பலேற்றிச் சீனாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. 2018 தொடக்கத்தில் சீனா இனி வேண்டாம் என்று கதவைச் சாத்தியதும்தான், அந்த நகரங்களில் வண்ண வண்ணத் தொட்டிகளில் பிரித்துப் போட்டவர்களுக்குத் தங்கள் குப்பை எங்கே போய்க்கொண்டிருந்தது என்பதே தெரிய வந்தது.

எந்த வீட்டுப் பழக்கத்தாலும் தடுக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே தீப்பிடித்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலிலிருந்து ஏறத்தாழ 1,680 டன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின. 2025 மே 25 அன்று கேரளக் கரைக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலில் இருந்தவை 640 கொள்கலன்கள். அதிலிருந்து வெளிப்பட்ட மணிகள் சில நாட்களிலேயே கன்னியாகுமரி மாவட்டக் கரைகளில் வந்து ஒதுங்கின. எடைக்கல் அண்ணன் மேலே சொன்னாரே, புதுப் பிளாஸ்டிக் மணி, அதேதான். துவரம்பருப்பு அளவுதான் இருக்கும், வெள்ளையாக இருக்கும், ஈர மணலில் கையை வைத்தால் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வரும். சல்லடையில் போட்டால் மணியோடு சேர்ந்து சிறு சிப்பியும் தங்கிவிடும், பிரித்தெடுக்க அரை நாள் ஆகும். மீன் முட்டையென்று நினைத்துப் பறவைகளும் மீன்களும் அதை விழுங்குகின்றன. அதில் ஒரு மணியைக் கூட எந்த வீட்டாரும் வாங்கவுமில்லை, வீசவுமில்லை.

பார்வலை:

தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் எங்களுடையது. அப்பா கடலுக்குப் போனவர், நான் படித்து வேறு வேலைக்கு வந்துவிட்டேன். வாத்தியார் ஐயாவின் பட்டியலில் "அறுந்த வலை" என்று ஒரே சொல்லில் கடந்துபோன பொருளைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன்.

தாத்தா காலத்தில் பருத்தி நூல் வலை. பட்டைச் சாயத்தில் ஊறவைத்து, காயவைத்து, கிழிந்தால் உட்கார்ந்து பின்னி, ஒவ்வொரு வலையும் வீட்டு மாட்டைப் போலப் பராமரிக்கப்பட்டது. அது கடலில் அறுந்து போனாலும் சில மாதங்களில் மக்கிவிடும். பிறகு நைலான் வந்தது, அதன் பின் ஒற்றை இழையாலான நரம்பு வலை வந்தது. நரம்பு வலை தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது, நிறைய மீன் படும், விலையும் மலிவு. ஆனால் ஒரு முறை கிழிந்தால் உட்கார்ந்து பின்னுவதற்கு அது லாயக்கில்லை. அந்தக் கூலிக்குப் புது வலையே வாங்கிவிடலாம்.

கிழிந்த வலையை எங்கள் ஊரில் என்ன செய்வார்கள் என்று பார்த்தால் எடைக்கல் அண்ணன் சொன்னது சரி என்று விளங்கும். அம்மா ஒரு பழைய பிளேடை வைத்துக்கொண்டு, கீழ்க்கயிற்றிலிருந்து ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாக அறுத்து ஒரு டப்பாவில் போடுவார். மேல்கயிற்றிலிருந்து மிதவைகளைக் கழற்றிக் கோத்து வைப்பார். கயிற்றைச் சுருட்டிக் கட்டுவார். ஈயத்துக்கு விலை உண்டு, மிதவை அடுத்த வலைக்கு ஆகும், கயிறு ஆட்டைக் கட்டவாவது உதவும். நடுவில் இருக்கும் நரம்பு மட்டும் கையில் மிஞ்சும். அதைக் கடையிலும் வாங்க மாட்டார்கள், அடுப்பிலும் வைக்க முடியாது. கரையோரமாகக் குவித்து வைத்தால் அடுத்த வாடைக்காற்றில் அலை வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். இதை நாங்கள் கடலில் கொட்டியதாக யாரும் எண்ணியதில்லை, ஓரத்தில் போட்டு வைத்ததாகத்தான் எண்ணிக்கொள்வோம்.

போன வலை பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், போய்ச் சிக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியும் பவளப்பார்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். பாரில் சிக்கிய வலை அங்கேயே நின்று, வலைக்காரன் இல்லாமலே மீன் பிடித்துக்கொண்டிருக்கும். அப்பா ஒரு முறை இழுத்து வந்த அப்படிப்பட்ட வலைச் சுருளில் நண்டோடுகள் மட்டும் ஒரு கூடை அளவு இருந்தன, உள்ளே சதை இல்லை. ஒரு நண்டு சிக்கிச் செத்திருக்கிறது, அதைத் தின்ன வந்த அடுத்ததும் சிக்கியிருக்கிறது, இப்படியே நடந்திருக்கிறது. அதிலிருந்து உயிரோடு கிடைத்த ஒரே நண்டையும் அப்பா குழம்புக்கு எடுக்கவில்லை, கடலிலேயே விட்டுவிட்டார்.

காசிமேட்டில் பழைய வலைகளை எடைக்கு வாங்கிக்கொள்ளும் மையமொன்றை அரசு தொடங்கியிருக்கிறது. எங்கள் ஊருக்கு அது வந்தால், அம்மா பிளேடு வைத்து அறுக்கும்போது நான்காவதாக ஒரு குவியலும் சேர்த்து வைப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விழிப்புணர்வு நாடகம் போடுவதற்காக எங்கள் ஊருக்கு வந்து போன குழுக்களின் பதாகைகள் நெகிழித்துணியில் அச்சடிக்கப்பட்டிருந்தன. அவற்றை நாங்கள் வள்ளத்தை மூட வைத்துக்கொண்டோம், நன்றாகவே உழைக்கின்றன.

மஞ்சப்பை:

எல்லோரும் விலை, விலை என்றே எழுதுவது எனக்கு வருத்தம் தருகிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கம் தொடங்கப்பட்டது. 2022 ஜூலை முதல் நாடு முழுவதும் உறிஞ்சுகுழல், பிளாஸ்டிக் கரண்டி, தட்டு போன்றவற்றுக்குத் தடை. இத்தனைக்கும் பிறகு மாலையில் பூக்கடைக்குப் போகிறவர் கையை வீசிக்கொண்டு போய், இரண்டு முழம் மல்லிகையைப் பாலித்தீன் பையில் வாங்கி வருகிறார் என்றால் அது விலையின் குற்றமா, ஆளின் குற்றமா? வாழையிலையில் கட்டிக் கொடுத்த பூவை வாங்கிப் பழகிய ஊர்தானே இது?

கெடிலக்கரை வாத்தியார்:

மஞ்சப்பை அவர்களுக்கு: பூக்கடைக்காரம்மாவிடம் நேற்று மாலை இதையே கேட்டேன். "இலை வாங்கினா அதுக்கும் காசு, வெயில்ல ரெண்டு மணி நேரத்துல சுருண்டுடுது, கவர்ல போட்டா ராத்திரி வரைக்கும் பூ வாடாது சார்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன குத்தல் எனக்கும் பொருந்தும். நேற்றும் நான் கையை வீசிக்கொண்டுதான் போயிருந்தேன்.

நீரோட்டம் தம்பி கேட்டது போலப் பிள்ளைகளிடம் விசாரித்தேன். மூடிகள்தான் மிக அதிகம் என்று ஒரே குரலில் சொன்னார்கள். ஒரு சிறுமி நீல மூடிகளை மட்டும் தனியே எடுத்து வைத்து, வீட்டில் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருக்கிறாளாம்.

வடதிசை:

ஜெர்மனியில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். சொந்த ஊர் குன்னூர். இங்கே 2003 முதல் ஒருமுறை பயன்படும் தண்ணீர் பாட்டிலுக்கும் பான டின்னுக்கும் 25 சென்ட் வைப்புத்தொகை வாங்குகிறார்கள். காலிப் பாட்டிலைப் பேரங்காடியின் வாசலில் இருக்கும் இயந்திரத்தின் வாயில் வைத்தால், அது உருட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு சீட்டைத் துப்பும், அதைக் கல்லாவில் கொடுத்தால் காசு கழிப்பார்கள். சனிக்கிழமை காலையில் அந்த வரிசையில் நிற்காத ஆள் இங்கே கிடையாது. பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கச் சோம்பல்படுகிறவர்கள் கூட அதைக் குப்பைத் தொட்டிக்குள் போடாமல் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போவார்கள், தேவைப்படுகிற முதியவர் யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று.

ஜெர்மானியருக்கு ஒழுங்கு பிறப்பிலேயே வந்தது, நமக்கு வராது என்று சொல்லக் கிளம்புகிறவர்களுக்கு என் ஊரைக் காட்டுவேன். நீலகிரியில் காட்டுக்குள் வீசப்படும் மதுப்புட்டிகளின் சில்லுகள் யானைகளின் கால்களைக் கிழிக்கின்றன என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022 மே மாதத்திலிருந்து அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். இப்போது ஊருக்குப் போனால் பாதையோரத்தில் புட்டி கிடப்பதைப் பார்ப்பதே அரிது. குடித்தவர் தள்ளாடிக்கொண்டே போட்டுவிட்டுப் போனாலும், அரை மணி நேரத்தில் பின்னால் வருகிற ஒருவர் எடுத்துவிடுகிறார். வேறு மாவட்டங்களுக்கும் இந்த முறை போயிருக்கிறது. நிதானம் இழந்தவரிடமே நடக்கிற ஒரு ஏற்பாடு, தண்ணீர் குடிப்பவரிடம் நடக்காது என்று எப்படிச் சொல்வது?

ஆனால் எடைக்கல் ஐயா சொன்ன உறைக்கு இது உதவாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஜெர்மனியிலும் சிப்ஸ் பொட்டலத்துக்கு வைப்புத்தொகை இல்லை. உறைக் குப்பைக்கென்றே இருக்கும் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாசலில் வைக்கிறோம், அதில் ஒரு பகுதி எரியுலைக்குத்தான் போகிறது.

கையுறை:

ஒரு நகராட்சியில் துப்புரவு மேற்பார்வை வேலை பார்க்கிறேன், எந்த ஊர் என்று கேட்காதீர்கள். பழக்கம் எங்கே உடைகிறது என்பதை நான் அன்றாடம் பார்க்கிறேன், எங்கள் பக்கத்துத் தவறையும் சேர்த்தே சொல்கிறேன்.

புது வார்டு ஒன்றில் மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று பிரித்து வாங்கத் தொடங்கினோம். மூன்று மாதத்தில் பத்தில் ஆறு ஏழு வீடுகள் ஒழுங்காகப் பிரித்துக் கொடுத்தன. பிறகு பேட்டரி வண்டிகளில் ஒன்று பழுதாகி நின்றது. உதிரிப்பாகம் வரும் வரை, இரண்டு வண்டி போக வேண்டிய தெருவுக்கு ஒரு வண்டிதான் போனது. தனித்தனியாக இரண்டு வாளியைக் கொண்டுவந்து நீட்டிய ஒரு பாட்டியின் கண்ணெதிரே, எங்கள் பணியாளர் இரண்டையும் ஒரே பெட்டியில் கவிழ்த்தார். அவருக்கும் வேறு வழியில்லை. பாட்டி ஒன்றும் பேசவில்லை, வாளிகளைத் தட்டி வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் முதல் ஒரே வாளி. நாற்பது நாள் கழித்து வண்டி சரியாகி வந்தபோது, அந்தத் தெருவே ஒரே வாளிக்கு மாறியிருந்தது. வாத்தியார் ஐயா வீட்டு நீல வாளியில் துணி ஊறுவதற்குப் பின்னாலும் இப்படி ஒரு நாள் இருந்திருக்கக்கூடும், அம்மையாரைக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது ஐயத்துக்குப் பதில் இருக்கிறது. காயலான் கடை வாங்காத உறை, பொட்டலம், கிழிந்த பாலித்தீன் ஆகியவற்றைப் பல நகராட்சிகள் கட்டுக்கட்டி அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலைகளுக்கு அனுப்புகின்றன, நிலக்கரியோடு சேர்த்து உலையில் எரிக்க. இதை மறுசுழற்சி என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை, எரிப்பது எரிப்பதுதான். ஆயினும் திறந்த வெளியில் புகைவதையும் ஆற்றில் போவதையும்விட இது மேல். மண் ஒட்டியிருந்தால் ஆலையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் நன்றாக உதறிக் கொடுக்க வேண்டும். தெர்மாகோலையும் செருப்பையும் தனியாகக் கட்டுங்கள். வலையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், கட்டு கட்டும் இயந்திரத்தின் உருளையில் சுற்றிக்கொண்டால் ஒரு நாள் வேலை போய்விடும்.

உறை செய்யும் நிறுவனங்களே திரும்பச் சேகரிக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது, 2022இல் அதற்கு விரிவான வழிமுறையும் வந்தது. நிறுவனங்கள் தாமே சேகரிக்காமல், மறுசுழற்சி செய்பவரிடம் சான்றிதழ் வாங்கிக் காட்டினால் போதும் என்ற வசதியும் அதில் உண்டு. சில மாநிலங்களில் லட்சக்கணக்கில் போலிச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சோதனையில் 2023இல் வெளிப்பட்டது. காகிதத்தில் கணக்கு நேராகிவிட்ட அதே உறைகளைத்தான் பிள்ளைகள் தாழங்குடாவில் பொறுக்கியிருப்பார்கள் என்று சில நேரம் எனக்குத் தோன்றும்.

கெடிலக்கரை வாத்தியார்:

அனைவருக்கும் நன்றி. கையுறை அவர்கள் சொன்னபடி மனைவியைக் கேட்டேன். "வண்டிக்காரர் ரெண்டையும் ஒண்ணாத்தான் கொட்டினார், அப்புறம் எதுக்கு எனக்கு ரெண்டு வாளி?" என்றார். இரண்டு ஆண்டுகளாக நடப்பது எனக்கு இன்றுதான் தெரிகிறது என்பதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மாடியில் இருந்தவற்றை உதறிக் கட்டி, மூன்று சாக்கை மாநகராட்சிக் கிடங்கில் ஒப்படைத்துவிட்டேன். தெர்மாகோலும் செருப்பும் இன்னும் கிடக்கின்றன. வலையைப் பாகற்கொடிக்குப் பந்தலாகக் கட்டியிருக்கிறேன், ஆனால் அணில் சிக்குமோ என்று பயமாக இருக்கிறது, கழற்றிவிடக்கூடும். வீட்டைப் பொறுத்தவரை, பால் கவரைக் கழுவிக் கொடியில் காயப்போடத் தொடங்கியிருக்கிறோம். கவரின் மூலையை முழுவதுமாக வெட்டி எறியாமல் ஒரு ஓரம் ஒட்டியிருக்கும்படி வெட்ட வேண்டும் என்பதை மனைவிதான் கண்டுபிடித்தார். அந்தச் சிறு முக்கோணத் துண்டுகள் சமையலறைத் தொட்டியின் சல்லடை வழியாகவே சாக்கடைக்கு நழுவிப் போகின்றன. அங்கிருந்து கெடிலம், கெடிலத்திலிருந்து கடல்.

எடைக்கல் அவர்களே, தெருவில் எட்டு வீடுகள் பால் கவர் சேர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கின்றன. அடுத்த மாதம் விழுப்புரம் வர வேண்டிய வேலை இருக்கிறது, கொண்டுவந்தால் எடுத்துக்கொள்வீர்களா? ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா?

எடைக்கல்:

ஞாயிறு மதியம் இரண்டு மணி வரை திறந்திருக்கும் ஐயா. தாராளமாகக் கொண்டுவாருங்கள். ஈரமாக இருந்தால் எடையில் கழித்துக்கொள்வேன், அதில் ஆசிரியர் என்று பார்க்க மாட்டேன். கிரிக்கெட் பந்துக்குத் தேறும்.